புல் வெட்டப் போன மாப்பிள்ளை

“இல்ல அங்கிள், மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல. இது புல்லோட பிரச்சினை.”

மதன்குமார் டிராக்டரை விட்டு இறங்காமலே இதைச் சொன்னான். இறங்கினால் மெஷினைத் தொட்டுப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டிவரும்.

“புல்லின்ர பிரச்சினையோ?” என்றார் ஜெயரட்ணம்.

“ஆமா அங்கிள். ஈரம் ஜாஸ்தி. ஈரப் புல்லு கத்திக்கு வழுக்கும்.”

ஜெயரட்ணம் குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக் கையில் கசக்கினார். இந்தத் தென்கோள நாட்டில் ஜனவரிதான் கடும் கோடை; வெயில் மூன்று வாரமாகக் காய்ச்சிய புல் அது. அப்பளம் போல நொறுங்கியது. அவர் கையைத் தட்டிக்கொண்டு, “ம்ம்” என்றார்.

அந்த “ம்ம்” மதனுக்குப் பழகியதுதான். மூன்று மாதமாக அவரிடமிருந்து வந்ததெல்லாம் இரண்டே பதில்கள். ஒன்று, “ம்ம்.” இன்னொன்று, “பாப்பம்.” அவருடைய மூத்த மகள் நிசாந்தினியைக் கட்டித் தரச் சொல்லிக் கேட்டதற்கு இரண்டாவது பதில் வந்திருந்தது. அதோடு சரி.

வியாழக்கிழமைதான் நிசாந்தினி போன் செய்தாள்.

“மதன், சனிக்கிழமை அப்பா உங்களைக் காணிக்கு வரச் சொன்னவர்.”

“எந்தக் காணி?”

“கிளீவ்டன் பக்கம். எங்கட காணிதான், ஆறு ஏக்கர். புல்லு நெஞ்சளவுக்கு வளந்து கிடக்கு. வெட்டிக் காயவச்சுக் கட்டோணும். டிராக்டர், மெஷின் எல்லாம் அங்கயே நிக்குது. நீங்கதானே விவசாயக் குடும்பம், வந்து வெட்டட்டும் பாப்பம் எண்டவர். முடிவையும் அங்க வச்சே சொல்லுவாராம்.”

“ஓ,” என்றான் மதன். “சூப்பர். டிராக்டர் ஓட்டி ரொம்ப நாளாச்சு. கை துறுதுறுங்குது.”

ரொம்ப நாள் என்பது சரியான கணக்கு. அவன் பிறந்ததிலிருந்தே ஓட்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆல்பனி மாலில் முதல் காபி குடிக்கும்போது, “அப்பாவுக்கு மண்ணில நிண்டு வேலை செய்யிற ஆக்களெண்டால் உயிர்” என்று நிசாந்தினி சும்மா சொல்லி வைத்தாள். மதனின் வாய் உடனே வேலை செய்தது. தஞ்சாவூர் பக்கம் தாத்தாவுக்கு நாற்பது ஏக்கர், தான் வளர்ந்ததே டிராக்டர் மேல்தான், அம்மா சோறு ஊட்டியதுகூட மட்கார்டில் உட்கார வைத்துத்தான் என்று அளந்துவிட்டான். உண்மையில் அவன் வளர்ந்தது அம்பத்தூரில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில். தாத்தா இன்சூரன்ஸ் ஆபீசில் ஸ்டெனோ. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகச் செய்த ஒரே விவசாயம் ஒரு பாட்டிலில் வைத்த மணிபிளான்ட். அதுவும் அழுகிப் போனது.

ஆனாலும் மதன் அசருகிற ஆள் இல்லை. எட்டு வருடமாக ஐ.டி. ஹெல்ப் டெஸ்கில் இருக்கிறான். உலகத்தில் எந்த மெஷினும் மூன்று கேள்விக்கு மேல் தாங்காது என்பது அவன் அனுபவம். ஆன் ஆகியிருக்கிறதா? வயர் ஒழுங்காக மாட்டியிருக்கிறதா? கடைசியாக இதில் கை வைத்தது யார்? இந்த மூன்றில் பிரிண்டர் படிந்துவிடும், சர்வர் படிந்துவிடும். புல்வெட்டி மட்டும் என்ன கொம்பு முளைத்ததா? வெள்ளிக்கிழமை லீவு போட்டு பதினொரு மணி நேரம் வீடியோ பார்த்தான். டிராக்டர் ஓட்டுவது, மெஷினை இணைப்பது, மேடு பள்ளத்தில் வெட்டுவது எல்லாம் மனப்பாடம். கூடவே, மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் நண்பன் நிதினைப் போனில் தயாராக இருக்கச் சொன்னான். தெரிந்தவர்களில் லீவர் வைத்த வண்டி ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான்.

காலையில் வந்து இறங்கியதுமே பரீட்சை ஆரம்பித்துவிட்டது. ஜெயரட்ணம் ஆறு சாவி கொண்ட கொத்தை நீட்டி, “எது ஷெட் சாவி எண்டு நீங்களே பாருங்கோ தம்பி” என்றார். முதல் கேள்வியே தந்திரமாக இருக்கிறதே என்று மதன் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டான். ஐந்தாவது சாவியில் திறந்தது. உள்ளே சிவப்பு டிராக்டர். அதன் பின்னால் புல்வெட்டும் மெஷின், வலப்பக்கம் ஒரு நீளக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கைக்கு அடியில் ஐந்து வட்டத் தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் இரண்டு கத்திகள். டிராக்டரின் சக்தியில் தட்டுகள் சுற்ற, கத்திகள் புல்லைச் சீவ வேண்டும். தத்துவம் அவ்வளவுதான்.

நிசாந்தினியின் அம்மா யோகராணி நான்கு எலுமிச்சம்பழத்தைக் கொண்டுவந்து நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்தார். பழைய டிராக்டருக்கு எதற்கு எலுமிச்சம்பழம் என்று மதனுக்குத் தோன்றியது. பக்தி மிகுந்த குடும்பம் என்று நினைத்துக்கொண்டு, பழங்களை நசுக்கியபடி கம்பீரமாக வெளியே வந்தான்.

எலுமிச்சம்பழத்தை வெட்டிய அளவுக்குக்கூட அது புல்லை வெட்டவில்லை.

முதல் சுற்று முடிந்து திரும்பிப் பார்த்தால், பாதிப் புல் நின்றுகொண்டிருந்தது. மீதிப் பாதி படுத்து, கொஞ்சம் யோசித்து, மெல்ல எழுந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவன் புல்லின் மேல் பழி போட்டான்.

நிசாந்தினி வேலியோரம் நின்ற யூட் என்கிற பிக்கப் வண்டியின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் மனுகாவ் பகுதியில் பிசியோதெரபிஸ்ட்.

“மதன், உது வெட்டுறதோ, மசாஜோ? மசாஜ் எண்டால் நான்தான் அதுக்குப் படிச்சனான்.”

“கொஞ்சம் டியூனிங் பண்ணணும், நிசா. அஞ்சே நிமிஷம்.”

எதையும் தொடுவதற்கு முன்னால் மெஷினின் ஒவ்வொரு போல்ட்டையும், ஸ்பிரிங்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டான். அது ஹெல்ப் டெஸ்க் பழக்கம். பிறகு எஞ்சினை அணைத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டிராக்டருக்குப் பின்னால் குனிந்து நிதினை அழைத்தான்.

“டேய், புல்லு வெட்ட மாட்டேங்குது.”

“உயரத்துல ஓடுதுடா. ஃபோர்க்க கொஞ்சம் கீழ சாய்க்கிற மாதிரி மூக்கைச் சாய்ச்சு விடு.”

மதனும் வீடியோவில் அதைப் பார்த்திருந்தான். டாப் லிங்க் என்று ஒரு திருகு உண்டு. அதைச் சுருக்கினால் மெஷினின் முன்பக்கம் தாழும், இன்னும் ஒட்ட வெட்டும். இரண்டு சுற்று சுருக்கச் சொன்னார் வீடியோக்காரர். மதன் ஆறு சுற்று சுருக்கினான். குறைவாகச் செய்வதற்கு அவன் பிறக்கவில்லை.

அடுத்த சுற்றில் புல் நின்றது, மண் அறுவடையானது. அந்த நிலம் கொஞ்ச நஞ்ச மேடு பள்ளமில்லை. யாரோ பெரிய மெத்தை ஒன்றைச் சரியாக விரிக்காமல் போனது போலக் கிடந்தது. ஒவ்வொரு மேட்டிலும் மெஷின் மூக்கைக் குத்தி, கட்டி கட்டியாகப் புல்தரையைப் பெயர்த்து வீசியது. ஒரு கட்டி பறந்து வந்து யூட்டின் கண்ணாடியில் அப்பியது. நிசாந்தினி வைப்பரைப் போட்டுவிட்டாள்.

ஜெயரட்ணம் மெதுவாக நடந்து வந்தார். பெயர்ந்த மண்ணைப் பார்த்தார். டிராக்டரைப் பார்த்தார். கடைசியாக மதனைப் பார்த்தார்.

“தம்பி, நிலம் எப்பிடி?”

வைவா கேள்வி என்று மதனுக்கு உடனே புரிந்தது.

“தங்கம் அங்கிள். சும்மா சொல்லல. இப்பிடி மேடு பள்ளமா இருந்தாதான் மண்ணுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். சமமா இருந்தா அது நிலமில்ல, கார் பார்க்.”

ஜெயரட்ணத்தின் முகம் அன்றைக்கு முதல் தடவையாக மலர்ந்தது. அவர் திரும்பி மனைவியிடம், “கேட்டனீரோ?” என்றார்.

“கேட்டனான், கேட்டனான்,” என்றார் யோகராணி, தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திறந்துகொண்டே.

அஞ்சுக்கு அஞ்சு மார்க் என்று மதன் கணக்குப் போட்டான். வாய்மொழித் தேர்வில் தேறியாயிற்று. இனிச் செய்முறைதான் பாக்கி.

மண்ணைக் குத்துகிறதென்றால் கை கனமாக இருக்கிறது என்று அர்த்தம். கையைத் தூக்கிப் பிடிக்க ஒரு பெரிய ஸ்பிரிங் இருந்தது. அதை முறுக்கினால் கை லேசாகும், மேட்டில் மிதந்து போகும். மதன் முறுக்கினான். முழுக்க முறுக்கினான். கை லேசாகிவிட்டது. அளவுக்கு மீறி லேசாகி, முதல் மேட்டில் ஏறியது இரண்டாவது மேட்டுக்குத்தான் தரையைத் தொட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு அடி மொட்டை, ஒரு அடி முடி, மறுபடி ஒரு அடி மொட்டை. முதன்முதலாகக் கத்தரிக்கோல் பிடித்த தகப்பன் பிள்ளைக்கு வெட்டிவிட்ட தலைபோல இருந்தது நிலம்.

“மெதுவா போறதாலதான் குதிக்குது,” என்று மதன் அறிவித்தான். “ஸ்பீடு குடுத்தா மேடே தெரியாது. பைக்ல போற மாதிரி.”

கியரை ஏற்றினான்.

மேடு தெரியவில்லை என்பது உண்மை. மெஷினுக்குத்தான் தெரிந்தது. கல்லிலோ மேட்டிலோ பலமாக மோதினால் கை ஒடிந்து போகாமல் இருக்க ஒரு கொக்கி வைத்திருப்பார்கள். அடி பட்டதும் கொக்கி விட்டுக்கொடுக்கும், கை பின்னால் மடங்கும். டிராக்டரை ரிவர்ஸ் எடுத்தால் மறுபடி மாட்டிக்கொள்ளும். பத்தடிக்கு ஒருமுறை டக், மடங்கல், ரிவர்ஸ், டக். ஒன்பது தடவை ஆயிற்று. முன்னால் போனதைவிடப் பின்னால் வந்த தூரம் அதிகம் என்று தோன்றியது.

“மதன்,” நிசாந்தினி கத்தினாள், “மெஷின் ஏன் எல்லா மேட்டுக்கும் கும்பிடு போடுது?”

“அது சேஃப்டி, நிசா. நல்ல மெஷினுக்கு அடையாளம்.”

சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுத்து அந்தக் கொக்கியின் போல்ட்டை இறுக்கோ இறுக்கென்று இறுக்கினான். இனி எந்த மேட்டுக்கும் கும்பிடு கிடையாது.

அடுத்த மேட்டுக்கு மெஷின் கும்பிடு போடவில்லை. பதிலாக, கை மேட்டில் ஊன்றிக்கொள்ள, டிராக்டரே அந்தக் கையைச் சுற்றி வலப்பக்கம் திரும்பிவிட்டது. திரும்பிய வேகத்தில் வேலிக்குள் புகுந்து இரண்டு கம்பங்களையும் நாலு வரிசைக் கம்பியையும் சாய்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல அணைந்து நின்றது.

பக்கத்து நிலத்தில் பதினான்கு ஆடுகள் இருந்தன. அவை தலையைத் தூக்கிப் பார்த்தன. பிறகு, அழைப்பிதழ் வந்த கல்யாணத்துக்கு வருவதுபோல, சாய்ந்த கம்பியைத் தாண்டி ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. வந்து, புல்லை வெட்ட ஆரம்பித்தன. வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரு மேட்டையும் விடாமல்.

ஜெயரட்ணம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஆடு வடிவா வெட்டுது,” என்றார்.

அதில் கிண்டல் இருந்ததா இல்லையா என்று மதனுக்குப் பிடிபடவில்லை. “இயற்கை விவசாயம் அங்கிள்,” என்று சொல்லி வைத்தான்.

ஆடுகளைத் துரத்த முக்கால் மணி நேரம் ஓடினார்கள். மதன் வலப்பக்கம் ஓடினால் ஆடுகள் இடப்பக்கம் ஓடின. கடைசியில் யோகராணிதான் முறுக்கு டின்னை எடுத்து இரண்டு குலுக்குக் குலுக்கினார். தீவன வாளிச் சத்தம் என்று நினைத்தனவோ என்னவோ, பதினான்கும் அவர் பின்னால் ஊர்வலமாகப் போய் சொந்த இடத்தில் நின்றன. சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தி, யூட்டில் கிடந்த கயிற்றால் எல்லோருமாகக் கட்டினார்கள். பக்கத்து நிலத்துக்காரருக்கு நாளைக்குத் தானே வந்து சரியாகப் போட்டுத் தருவதாக மதன் போனில் சொல்லி வைத்தான். அதையும் ஏதோ வேலி போட்டே வளர்ந்தவன் போலச் சொன்னான்.

மத்தியானம் நிதினை மறுபடி பிடித்தான்.

“எல்லாம் பண்ணியாச்சுடா. இன்னும் வெட்ட மாட்டேங்குது.”

“கத்தி?”

“கத்தி என்ன?”

“தலைகீழா மாட்டியிருப்பாங்க மச்சான். கடைசியா யாரு கை வச்சாங்கன்னு கேளு.”

தன் சொந்தக் கேள்வியையே தான் கேட்க மறந்துவிட்டோமே என்று மதனுக்கு வெட்கமாகப் போயிற்று. ஜெயரட்ணத்திடம் போய், “அங்கிள், இதுல கடைசியா யாரு கை வச்சது?” என்று கேட்டான்.

ஜெயரட்ணம் திடுக்கிட்டார். “நான் தொடேல்லை தம்பி. சத்தியமா நான் ஒண்டும் தொடேல்லை.”

இவர் ஏன் சத்தியம் செய்கிறார் என்று மதனுக்கு விளங்கவில்லை. கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பவரைத் திருப்பிக் கேட்டால் கோபம் வருவது இயல்புதான் என்று விட்டுவிட்டான். போய்ப் பத்துக் கத்தியையும் கழற்றி ஒரே பக்கம் பார்க்க மாட்டினான். ஒரு மணி நேரம் பிடித்தது. ஜெயரட்ணம் பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

“தம்பி, மெஷின் பரவாயில்லையோ? உண்மையைச் சொல்லுங்கோ.”

“என்ன அங்கிள் இப்பிடிக் கேட்டுட்டீங்க. இது மாதிரி மெஷின் கெடைக்கணுமே. இதைப் பாத்து எடுத்தவருக்கு நல்ல கண்ணு.”

ஜெயரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்திருந்தது.

ஐந்து தட்டும் ஒரே திசையில் சுற்றுவதில்லை. சில இடப்பக்கம் சுற்றும், சில வலப்பக்கம். அதற்கேற்ப இடக் கத்தி, வலக் கத்தி என்று இரண்டு ஜாதி உண்டு. பத்தையும் ஒரே பக்கம் மாட்டியதும், காலையில் பாதியாவது வெட்டிய மெஷின் இப்போது அதையும் நிறுத்திக்கொண்டது. புல் சாஷ்டாங்கமாக விழுந்து, மெஷின் தாண்டிப் போனதும் எழுந்து பூவை உதறிக்கொண்டது.

மணி மூன்று. ஆறு ஏக்கரில் அரை ஏக்கர் அலங்கோலமாகக் கிடந்தது. நிசாந்தினி யூட்டை விட்டு இறங்கி அவனிடம் வந்தாள். மூக்கு நுனி வெயிலில் சிவந்திருந்தது.

“மதன், நீங்க பயப்பிடாதேங்கோ.”

“நான் எங்க பயப்படுறேன்?”

“உங்களை விட அப்பாவுக்குத்தான் பயம்.”

“அவருக்கு என்ன பயம்?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “ஒண்டுமில்லை. தேத்தண்ணி குடியுங்கோ.”

மதனுக்குத் தெரியும் என்ன பயமென்று. பெற்ற மகளை ஒரு முட்டாள் கையில் கொடுத்துவிடுவோமோ என்ற பயம். நியாயமான பயம்தான். அவனுக்கு மகள் இருந்து, இப்படி ஒருவன் வந்து வேலியைச் சாய்த்து, ஆடு மேய விட்டிருந்தால், அவனும் பயந்திருப்பான். திடீரென்று அவனுக்கு எல்லாம் போதும் என்று ஆகிவிட்டது. பொய்யோடு அவளை இழப்பதைவிட உண்மையோடு இழக்கலாம். அம்பத்தூர், ஃபிளாட், ஸ்டெனோ தாத்தா எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டியதுதான். நேராக ஜெயரட்ணத்தின் முன்னால் போய் நின்றான்.

“அங்கிள், ஒரு உண்மையைச் சொல்லணும்.”

ஜெயரட்ணம் நாற்காலியிலிருந்து படக்கென்று எழுந்தார். குரல் கொஞ்சம் தழுதழுத்தது.

“சொல்லுங்கோ தம்பி. காணி சரியில்லையெண்டால் மறைக்காமச் சொல்லுங்கோ. இப்பவே சொன்னால் நல்லது.”

மதன் வாயைத் திறந்தான். இவ்வளவு வெயிலில் காலையிலிருந்து ஒதுங்காமல் நிற்கும் மனிதர். இந்த மண்ணின் மேல் எவ்வளவு பாசம் இருந்தால் குரல் இப்படி ஆகும்? அவரிடம் போய் நான் உங்களை ஏமாற்றிவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“காணி சரியில்லைன்னு சொல்றவன் விவசாயியே இல்ல அங்கிள்,” என்று அந்த நாக்கு தானாகவே சொன்னது. “ஒரே ஒரு ரவுண்டு பாக்கி இருக்கு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

இனிச் செய்வதற்கு ஹெல்ப் டெஸ்கின் கடைசி ஆயுதம்தான் இருந்தது. ஒன்றும் புரியாவிட்டால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டு போ. காலையில் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து, டாப் லிங்க், ஸ்பிரிங், கொக்கி, பத்துக் கத்தி எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்தான். கியரையும் முதல் கியருக்கு இறக்கினான். ஆமை வேகத்தில் புல்லுக்குள் இறங்கினான். மெஷின் காலையில் செய்ததைப் போலவே மசாஜ் செய்ய ஆரம்பித்தது.

அப்போதுதான் அந்தப் பள்ளம் வந்தது. புல்லுக்குள் மறைந்திருந்த பள்ளம். முன் சக்கரம் தொபுக்கென்று இறங்க, மதன் சீட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டு, விழாமல் இருக்கக் கைக்குக் கிடைத்ததைப் பிடித்துத் தொங்கினான். கிடைத்தது கை ஆக்சிலரேட்டர் லீவர். அது கடைசி வரைக்கும் போயிற்று.

டிராக்டர் அலறியது. பின்னால் தட்டுகள் ஓங்கி இரைந்தன. மதன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எதுவோ வெடிக்கப் போகிறது என்று காத்திருந்தான். வெடிக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தான்.

புல் பட்டுப் புடவையை மடித்து வைத்ததுபோல வரிசையாகப் படுத்திருந்தது. மேட்டிலும் சரி, பள்ளத்திலும் சரி, ஒரே மட்டம்.

நாள் முழுக்க அவன் எஞ்சினை முனகலாகவே ஓட்டியிருந்தான். சத்தம் கூடினால் பயமாக இருந்தது, அதுதான் காரணம். தட்டுகள் ஒன்றாம் நம்பரில் வைத்த சீலிங் ஃபேன்போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த வேகத்தில் கத்தி புல்லை வெட்டாது, தடவிக்கொடுக்கும். டிராக்டர் மெதுவாக நகர வேண்டும், எஞ்சின் முழு வேகத்தில் ஓட வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். எவ்வளவு வேகம் என்பதற்கு, அவன் மூக்குக்கு நேரே டயலில் காலையிலிருந்து ஒரு பச்சைக் கோடு இருந்தது. அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தான்.

முள்ளைப் பச்சைக் கோட்டில் நிறுத்தி, மேடு வந்தால் மெதுவாக ஏறி, பள்ளம் வந்தால் மெதுவாக இறங்கி, ஆறு மணிக்குள் நாலு ஏக்கரை முடித்தான். கடைசி இரண்டு சுற்றில் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, இன்னொரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டான். நிசாந்தினி கை தட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஆடுகள்கூட மேய்வதை நிறுத்திப் பார்த்தன.

“என்ன தம்பி மாத்தினீங்கள்?” என்று ஜெயரட்ணம் ஓடி வந்து கேட்டார்.

“ஒண்ணும் மாத்தல அங்கிள். மெஷினுக்கும் நமக்கும் ஒரு பழக்கம் வரணும். அதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்.”

“இந்தக் காணியில வருஷா வருஷம் இப்பிடி வெட்டலாமோ?”

“தாராளமா. வருஷத்துக்கு ரெண்டு தடவை வெட்டலாம். இப்பிடி ஒரு நிலத்துல வேலை செய்யக் குடுத்து வச்சிருக்கணும் அங்கிள். எனக்குத் திரும்பிப் போகவே மனசில்ல.”

ஜெயரட்ணம் அவனுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கையில் கிரீஸ் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவையாக “ம்ம்” என்றும் சொல்லவில்லை, “பாப்பம்” என்றும் சொல்லவில்லை.

“வைகாசியில நல்ல நாள் இருக்கு. இண்டைக்கே உங்கட அப்பா அம்மாவோட கதைக்கிறன்,” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஷெட்டுப் பக்கம் போய்விட்டார்.

மதன் டிராக்டருக்குப் பின்னால் போய் நிதினை அழைத்தான்.

“மச்சான், பாஸ். டிஸ்டிங்ஷன். வைகாசில கல்யாணம்.”

“நெசமாவா? அப்ப உண்மையை எப்ப சொல்லப்போற?”

“ரெண்டு கொழந்த பொறந்தப்புறம் சிரிச்சுக்கிட்டே சொல்லிக்கலாம். டேய், என் முதுகுல ஒரு எலும்புகூட அதோட எடத்துல இல்ல. இன்னியோட முடிஞ்சது. ஆல்பனில ஏழாவது மாடில ஒரு அபார்ட்மென்ட் பாத்து வச்சிருக்கேன். பால்கனில பிளாஸ்டிக் செடி. என் வாழ்க்கையில இனிப் பச்சையா எதையும் பாக்க மாட்டேன்.”

காலடிச் சத்தம் கேட்டுப் போனை அவசரமாக அணைத்தான். யோகராணி ஒரு கிண்ணத்தில் சர்க்கரையோடு வந்து நின்றார். ஷெட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் வாயில் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டார்.

“இவருக்குச் சொல்ல வெக்கம் தம்பி, அதுதான் நான் சொல்லுறன். உங்களுக்கு விவசாயமெண்டால் உயிர் எண்டு பிள்ளை சொன்ன நாளில இருந்து தேடி, போன மாசம்தான் இந்தக் காணியை டிராக்டர், மெஷினோட வாங்கினவர், உங்கள் ரெண்டு பேருக்கும் சீதனம் எண்டு. புல்லைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. உங்களுக்குப் பிடிக்காமப் போயிடுமோ எண்டு காலமையில இருந்து பச்சைத் தண்ணி குடிக்கேல்லை மனுசன். சொல்லுங்கோ பாப்பம், பிடிச்சிருக்கோ?”